துப்பாக்கியோடு வந்த கேமரா, கடப்பாரையோடு போனவர்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளுக்கு 1990-களின் இறுதியில் முதலில் கார் வந்தது. அடுத்துக் கைபேசி வந்தது. நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோனது. 2019 முதல் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. கேமராவைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த கருவி, ஏரியும் வயலும் புதர்க்காடுமாகக் கிடந்த இதே மண்ணில் பூட்டப்பட்டு, பொதியப்பட்டு, உலகெங்கும் போகிறது. இந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர்கள் இருளர்கள். வில்லியர் என்றும் இந்தப் பக்கத்தில் அவர்களைச் சொல்வதுண்டு. அவர்களுடைய வேட்டையைக் காட்டும் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிறர் எடுத்தவை. தன் வேட்டையைத் தானே படம் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதிலும், யார் கையில் கேமரா இருந்ததோ அவருடையதாகத்தான் வேட்டை எண்ணப்பட்டது. வேட்டையின் அறிவு யாருடையது என்று கேட்பாரில்லை. அந்த அறிவைக் காத்து வந்தவர்கள் கைக்குக் கேமரா வந்து சேர்ந்தபோது, வேட்டையே குற்றமாகியிருந்தது. சட்டம் இன்னும் திறந்து வைத்திருக்கும் சில வழிகளிலாவது இருளர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும், அதற்குரிய காலம் குறுகிக்கொண்டிருக்கிறது என்பதே நான் இங்கே வாதிட வருவது.

இந்த வட்டாரத்தில் வேட்டையின் தடயம் மிகப் பழையது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்தியத் தொல்லியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஒரகடத்திலிருந்து பல்லாவரம் எட்டும் தூரம்தான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வேட்டுவர்களான எயினர்களின் வாழ்வை விவரிக்கும்போது, எறும்பு சேர்த்த புல்லரிசியைப் பெண்கள் மண்ணைக் கிளறி எடுப்பதையும், நீருண்ண வரும் பன்றிக்காக இரவில் குழியில் ஒளிந்திருப்பதையும், நாயோடு முயல் வேட்டைக்குப் போவதையும் சொல்கிறது. வளையைத் தோண்டித் தானியம் எடுக்கும் வேலை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் செங்கல்பட்டுச் சீமையில் தொடர்ந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அக்காலத்தில் பதிவு செய்யும் வேலையைப் புலவரும் கல்தச்சரும் பார்த்தார்கள். வட தமிழகத்தில் கிடைக்கும் பன்றிக்குத்திப்பட்டான் கல், புலிக்குத்திப்பட்டான் கல் முதலிய நடுகற்களில் விலங்கோடு பொருதி இறந்தவனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். அதை நட்டது அவன் ஊர். பின்னால் வந்த வேட்டைப் புகைப்படத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் அறையும். நடுகல் தன் ஊருக்காக மாண்டவனுக்கு எழுப்பியது. புகைப்படமோ விலங்கைக் கொன்றுவிட்டுப் பிழைத்து நின்றவன் தனக்குத்தானே எடுத்துக்கொண்டது.

இடையில் நடந்தது அதிகார மாற்றம். 1878-இன் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமம் உள்ளவர் கைக்குள் அடக்கியது. 1879-இல் நீலகிரிக்கென வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக வகுத்து, அதற்குள் வேட்டையை விதிக்கு உட்படுத்தியது. பறவையும் விலங்கும் குறைந்துவிடுமே என்ற கவலை இவற்றின் பின்னால் இருந்தது உண்மை. ஆனால் யாருடைய வேட்டை விளையாட்டு, யாருடைய வேட்டை திருட்டு என்று பிரித்ததும் இவைதான். காப்பதென்பது அரசுக்கு மட்டுமே தெரிந்த கலை என்ற பேச்சுக்கு இந்த வட்டாரத்திலேயே மறுப்பு உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்காமல் ஊர்க்காரர்கள் முறையிட, 1790-களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அங்கே சுடக்கூடாது என்று கௌல் (எழுத்துறுதி) எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்ற கணக்கு ஊருக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி ஏந்தி வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களின் வேட்டைதான் பிறகு மைசூர் வான் இஞ்சன் பட்டறையில் பாடம் செய்த புலித்தலையாகவும், செத்த விலங்கின்மேல் கால் வைத்து நிற்கும் படமாகவும் பங்களாச் சுவர்களை நிரப்பியது. தடம் பார்த்துக் கூட்டிப் போனவர், மரத்தில் பரண் கட்டியவர், விலங்கை விரட்டி வந்தவர் எல்லாரும் அந்தப் படங்களின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்கிறார்கள், அல்லது படத்திலேயே இல்லை. இருளர்களுக்கும் கேமரா முன்னால் நிற்கும் முறை வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அவர்கள் இனத்தின் மாதிரியாகப் பதிவானார்கள். உடலின் அளவும் முகத்தின் அமைப்பும் கவனமாகக் குறிக்கப்பட்ட அந்தப் பக்கங்களில், தேர்ந்த தொழிலாளி என்ற நிலையில் எவருக்கும் பெயர் இல்லை.

கேமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு உருவகமாகச் சொல்வது மட்டுமன்று. சென்னை வனச் சட்டம் வந்த அதே 1882-இல் பிரான்சில் எத்தியேன் ழூல் மாரே பறவைகளின் சிறகசைவை ஆராய ஒரு கருவி செய்தார். தோளில் சாய்த்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம் பதியும், வடிவமே துப்பாக்கிதான். வேட்டைச் சலனப்படம் வணிகமானதும் பொய்யும் கூடவே வந்தது. 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது, படப்பிடிப்பாளர் செரி கியர்டன் அங்கே போய் அவரைப் படம் பிடித்தார். அதற்குள் சிகாகோவில் வில்லியம் செலிக் ஒரு நடிகரை ரூஸ்வெல்ட்போல நிறுத்தி, வாங்கி வந்த கிழச் சிங்கத்தைச் சுட்டு ஒரு படத்தை எடுத்து வெளியிட்டுவிட்டார். வேட்டைப்படத்துக்கு உண்மையான வேட்டை தேவையே இல்லை என்று தொடக்கத்திலேயே தெரிந்துபோனது. 1923-இல் கோடாக் 16 மில்லிமீட்டர் சினி கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே, தன் வேட்டையைத் தானே படம் பிடிப்பது தனிமனிதருக்குச் சாத்தியமானது. அப்போதும் அது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்குத்தான். 100 அடிச் சுருள் நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரம் போடும் சத்தத்தில் விலங்கு ஓடிவிடும். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டுப் புலிகளைப் படம் பிடிக்க முனைந்தபோது இந்தச் சத்தம் பெரும் தொல்லையாக இருந்தது. ஓடையில் சிறு சிறு அணைகளைக் கட்டி நீர் விழும் ஓசையை எழுப்பி, அந்த இரைச்சலில் கேமராவின் ஒலியை மறைத்தார். இதைச் செய்ய எத்தனை ஆண்டுப் பொறுமை வேண்டும், எத்தனை ஓய்வு வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கார்பெட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஓய்வு அன்றாடம் காய்ச்சிகளான வேட்டைக்காரர்களுக்கு எந்த நாளும் வாய்த்ததில்லை.

இருளர் வேட்டை படத்துக்கு வசப்படாமல் போனதற்கு வறுமை ஒரு காரணம்; அந்த வேலையின் தன்மை இன்னொரு காரணம். புலி வேட்டையின் உச்சம் ஒரு நொடி. துப்பாக்கி வெடித்ததும் காட்சி முடிந்துவிடும். பாம்பு பிடிப்பவரின் வேலை அப்படிப்பட்டதன்று. விடிந்ததும் வரப்போடு நடக்கிறார். கையில் கடப்பாரையும் தோளில் துணிப்பையும் இருக்கும். வளை வாயில் சிலந்திவலை அறுபடாமல் இருந்தால் உள்ளே யாரும் புதிதாகப் போகவில்லை என்று நகர்ந்துவிடுகிறார். மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் குனிகிறார். புழுதியில் பாம்பு ஊர்ந்த கோட்டில் மண் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்து, அது போன திசையைச் சொல்கிறார். எச்சத்தையும் உரித்த சட்டையின் துணுக்கையும் பார்த்து எந்தப் பாம்பு என்று தீர்மானிக்கிறார். அப்புறம்தான் தோண்டுகிறார், மண்ணைப் பிளக்கும் கடப்பாரை உள்ளே இருக்கும் உடம்பில் படக்கூடாது. எலி பிடிப்பதும் இதுபோல நிதானமான வேலை. ஒரு வளைக்கு உள்ள வாய்களையெல்லாம் தேடி மண் வைத்து அடைத்து, ஒன்றை மட்டும் விட்டு, அங்கே மண்பானையை வைக்கோல் நெருப்போடு பொருத்தி, பானையின் அடியில் உள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊதுகிறார்கள். புகை உள்ளே போகிறது, எலி மயங்குகிறது, தோண்டும்போது எலியோடு அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கிறது. ஊதியவரின் உதடும் நெஞ்சும் வெந்துபோவதைத் தடுக்கக் கையால் சுழற்றும் எஃகுக் கருவி ஒன்று வடிவமைக்கப்பட்டு, 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு பெற்றது. இத்தனையிலும் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. மூன்றாவது கை இருந்தால்தான் கேமரா பிடிக்க முடியும். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரவெட்டிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த பல குடும்பங்களுக்கு அந்த மூன்றாவது கையை எங்கே தேடுவது?

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுத்த விளக்கம் விரிவானது. சுடுவது மட்டுமல்லாமல் பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வதுகூட அதில் அடக்கம். பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களுக்கு, 1976-இல் தோல் ஏற்றுமதி தடையானதோடு பிழைப்பும் போயிற்று. தோல் வணிகம் நின்றது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. லட்சக்கணக்கான பாம்புகள் கைப்பைக்கும் செருப்புக்கும் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் தடை வந்த நாளில் தோலை விற்றுச் செழித்த வணிகர் வேறு சரக்குக்கு மாறினார். பிடித்துக் கொடுத்தவர் பட்டினி கிடந்தார். பாம்பியல் வல்லுநர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் வைத்துச் சில வாரம் காத்து, நஞ்செடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்க அனுமதி தரும் வழி அந்த வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்து பல்லாண்டு காலம் பெருமளவுக்கு இந்த நஞ்சை நம்பியிருந்தது. இந்த வேலையையும் உலகம் படமெடுத்தது. சேகர் தத்தாத்ரி 1987-இல் எடுத்த ஆவணப்படம் இந்தச் சங்கத்தைப் பற்றியதுதான். பின்னர் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும் வந்தன. அன்பும் மதிப்பும் கொண்டு எடுத்தவை பல. ஆனாலும் எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, படச்சுருள் எங்கே தங்குவது என்று முடிவெடுத்தவர்கள் இருளர்கள் அல்லர்.

இந்த அறிவு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிடைத்தது. அங்கே வளர்ப்புக்குக் கொண்டுவரப்பட்டுச் சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2016-இல் போட்டி வைத்தபோது, ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106 பாம்பு. அடுத்த ஆண்டு சனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தது. அவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்து வயல்வெளிகளில் கற்ற பார்வை, அதுவரை கண்ணால் பார்த்திராத சதுப்பிலும் பலித்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மற்றவர்கள் சாலையோரமும் கால்வாய்க்கரையும் தேட, இவர்கள் புதருக்குள் புகுந்து தடமும் எச்சமும் பார்த்தார்கள். இப்படிப்பட்ட பார்வை ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பி வராது. வல்லத்திலும் ஒரகடத்திலும் வரப்பு போய்ச் சுற்றுச்சுவர் வந்துவிட்டது. அந்த வரப்பைப் படித்துப் பழக வேண்டிய பிள்ளைக்கு ஒப்பந்த வேலையோ படிப்போ காத்திருக்கிறது. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. எலி பிடித்துத்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை கிடையாது. அறிவு பதிவில்லாமல் போவதுதான் என் கவலை.

இங்கே முதல் மறுப்பு வரும். வேட்டை வீடியோ எவ்வளவு கேடு செய்யும் என்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்பார்கள். முயலையோ உடும்பையோ பிடித்துச் சமைப்பதைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டு, அந்தப் படமே சாட்சியாகி வனத்துறையிடம் சிக்குபவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. பாம்பின் வாலைப் பிடித்துச் சுழற்றிக் காட்டும் வீடியோவைப் பார்த்து விளையாட்டாக முயன்று கடிபடுபவர்களும் உண்டு. இந்த மறுப்பின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கொல்வதைக் காட்டிப் பார்வையாளரைச் சேர்க்கும் படத்துக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டியதில்லை. சிகாகோவில் செலிக் சுட்ட சிங்கத்தின் வாரிசுகள்தான் அவை. ஆனால் நான் கேட்பது வேறு வகைப் பதிவு. நஞ்சுச் சங்கத்தின் உரிமத்துக்குள் நடக்கும் பிடிப்பு, பாம்பைத் தொடாமலேயே செய்யும் தடம் வாசிப்பு, உழவர் அழைத்து வயலில் நடக்கும் எலிப்பிடிப்பு ஆகியவற்றில் காட்சி ஈர்ப்புக்கு இடமே குறைவு. ஒரு மணி நேரம் குனிந்து மண்ணைப் பார்ப்பதைத்தான் காட்டியாக வேண்டும். பொறுமையோடு பார்ப்பவருக்கே அது பயன்படும், கொலைக்காட்சி தேடி வருபவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

இன்னொரு மறுப்பு கனமானது. சினிமா இதைச் செய்துவிட்டதே என்பது அது. 2021-இல் வந்த ஜெய்பீம் தமிழகத்தின் வீடுதோறும் இருளர் எலிப்பிடிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1993-இன் காவல் கொடுமை வழக்கைப் பேசியது. பலரை வெட்கப்பட வைத்தது. அதன் பயனை நான் குறைக்க மாட்டேன். இருந்தாலும் அந்தப் படத்தில் எலிப்பிடிப்பு இருப்பது அவர்கள் ஏழைகள், அப்பாவிகள் என்று உணர்த்துவதற்காக. அவர்கள் வல்லுநர்கள் என்பது அங்கே கதைக்குத் தேவைப்படவில்லை. இரக்கம் தேடும் படமும் திறமையைப் பதியும் படமும் ஒன்றல்ல. எலி என்றாலே இழிவு என்று நினைக்கும் சமூகத்தில் இளைஞர்கள் இதையெல்லாம் மறக்கத்தான் விரும்புவார்கள், அவர்களைக் கிளறாதே என்றும் சொல்லக்கூடும். அந்த இழிவைச் சுமத்தியவர்கள் வெளியில் இருப்பவர்கள். படத்தின் உரிமையையும் அவர்களே வைத்திருக்கும்வரை அந்த இளைஞரின் கூச்சம் நியாயமானது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் வந்தால், காட்டாமல் விடுவதும் அவர் உரிமையாகிவிடும்.

பிடிக்கும் முறைகளைப் பதிவு செய்து வைத்தால் கள்ள வேட்டைக்காரனுக்குப் பாடம் நடத்தியதாகாதா என்பது வனத்துறையினர் எழுப்பக்கூடிய கேள்வி. 2006-இன் வன உரிமைச் சட்டம்கூட மரபுரிமைகளை வரிசையாக ஏற்றுக்கொண்டுவிட்டு, வேட்டை, கண்ணி ஆகிய உரிமைகளைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. அந்த விலக்கை எதிர்த்து நான் வழக்காடவில்லை. பதிவு செய்ததையெல்லாம் வெளியிட்டே தீர வேண்டும் என்பதில்லை. நஞ்சுச் சங்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாம்பு எந்த ஊரில் பிடிபட்டது என்று எழுதி வைக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பேரேட்டோடு காணொளியையும் சேர்த்து வைக்க, மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு கேமராவும், கோப்புகளைப் பேண ஓர் இருளர் இளைஞருக்குச் சம்பளமும் போதும். மூத்தவர் தோண்டும்போது அவர் வாய்மொழியாகவே காரணம் சொல்லட்டும்: இந்த வளையை ஏன் விட்டார், அடுத்ததை ஏன் தோண்டினார் என்று. சாவி சங்கத்திடம் இருக்கட்டும். ஆராய்ச்சியாளரும் தொலைக்காட்சியும் அங்கே போய் அனுமதி கேட்கட்டும், கட்டணமும் கட்டட்டும். தீயணைப்புத் துறையினருக்குப் பாம்பு மீட்புப் பயிற்சி தேவைப்படுகிறது, அது முதல் வருவாயாகலாம். இந்தத் தொழிற்பேட்டைகளில் ஏக்கர் கணக்கில் நிலம் பெற்ற பெரும் ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதியாக ஆண்டுதோறும் செலவிட வேண்டிய பணத்தில் இதற்கு ஆகும் செலவு ஒரு சிறு துளி. கைபேசி பூட்டும் ஆலைகள் அதைத் தருவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. கேட்டுப் பெறுவதற்கு மாவட்ட நிர்வாகம் முன்னால் நிற்க வேண்டும், அதுவும் இன்று அறுபதைத் தாண்டிவிட்ட மூத்தவர்கள் கடப்பாரையைத் தூக்க முடிகிற காலத்துக்குள்.